'நல்லா நடத்துவார்' என்பதை இங்கிலீஷில் சொல்வது எப்படி?

காரைக்குடிப் பக்கம் ஒரு வாத்தியாரைப் பற்றி யாரிடம் கேட்டாலும் மூன்று பதில்களில் ஒன்றுதான் வரும். 'நல்லா நடத்துவாருங்க.' 'ரொம்பக் கண்டிப்பு.' 'அவரா, வருவார், போவார்.' ஊருக்குள் இது போதும். சொல்கிறவர் முகத்தையும் குரலையும் வைத்து மீதியை நாமே புரிந்துகொள்வோம். பி.எட். முடித்துவிட்டு இங்கிலீஷ் மீடியம் பள்ளி ஒன்றின் நேர்காணலில் உட்காரும்போதுதான் சிக்கல். 'வாட் இஸ் யுவர் டீச்சிங் ஸ்டைல்?' என்று எதிரே இருப்பவர் கேட்பார். குட், ஸ்ட்ரிக்ட், ஃப்ரெண்ட்லி என்று மூன்று சொல் வரும். அதற்கு மேல் வண்டி நகராது.

நானும் அப்படி முழித்தவன்தான். என் முதல் நேர்காணலில் 'ஐ டேக் கிளாஸ் வெரி ஸ்ட்ரிக்ட்லி' என்று பெருமையாகச் சொன்னேன். கேட்டவர் பல வருடம் வெளிநாட்டில் இருந்துவிட்டு வந்தவர். 'என்ன கிளாஸ்? இன்னும் ஏதாவது படிக்கிறீர்களா?' என்றார். கிண்டல் செய்கிறார் என்று நினைத்துக்கொண்டு பஸ் ஏறி ஊர் வந்து சேர்ந்தேன். அவர் கிண்டல் செய்யவில்லை என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் விளங்கியது. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

அழகப்பா பல்கலைக்கழகம் 1985-இல் வந்தது. அதற்கு முன்பிருந்தே, அழகப்பச் செட்டியார் 1947-இல் கல்லூரி தொடங்கிய நாள் முதலாகவே, இந்த ஊர் படிக்க வருகிறவர்களின் ஊர். வருடா வருடம் இங்கிருந்து ஆசிரியர் வேலைக்குக் கிளம்பும் பிள்ளைகளுக்குப் பாடம் தெரியும், பாடம் நடத்தவும் தெரியும். தான் நடத்துவதை வர்ணிக்கத்தான் சொல் இல்லை. அதற்கான வழிதான் இது. நூறு சொல் கொண்ட பட்டியலைத் தந்து மனப்பாடம் செய்யச் சொல்லப் போவதில்லை. அப்படிப் படித்த சொல் நேர்காணல் அறையின் வாசலிலேயே நின்றுவிடும்.

முதல் படி: கடைசி பெஞ்சு

சொல்லைத் தேடுவதற்கு முன்னால் பார்க்க வேண்டும். பயிற்சிக்குப் போகும் பள்ளியில் ஒரு சீனியர் ஆசிரியரிடம் அனுமதி கேட்டு, கடைசி பெஞ்சில் ஒரு பீரியடு உட்காருங்கள். நோட்டில் மூன்று விஷயங்களை மட்டும் தமிழில் குறியுங்கள். யார் பேசுகிறார்கள், எவ்வளவு நேரம்? பிள்ளைகளின் கை என்ன செய்கிறது? ஒரு பிள்ளை தப்பாகச் சொன்னால் அடுத்த நொடி என்ன நடக்கிறது?

இந்த மூன்றுக்கும் பதில் இருந்தால் இங்கிலீஷ் சொல் தானாக வந்து ஒட்டும். மூன்றும் இல்லாமல் 'இன்டராக்டிவ்', 'இன்னோவேட்டிவ்' என்று எடுத்துவிட்டால், அடுத்த கேள்வியே 'எப்படி?' என்றுதான் இருக்கும்.

இரண்டாம் படி: நாலு சொல்லைப் பிரித்து வையுங்கள்

ஸ்டைல், அப்ரோச், மெத்தட், டெக்னிக். நம் ஆட்கள் நாலையும் ஒன்றுபோலப் புழங்குவார்கள். மொழி கற்பிக்கும் துறையில் எட்வர்ட் அந்தோணி என்பவர் 1963-இலேயே பின் மூன்றையும் மேலிருந்து கீழாக அடுக்கிவிட்டார். 'பிள்ளை பேசிப் பேசித்தான் மொழி கற்கும்' என்பது உங்கள் நம்பிக்கை என்றால் அது அப்ரோச். அந்த நம்பிக்கையை வைத்து ஒரு பருவம் முழுவதற்கும் பாடத்தை வரிசைப்படுத்தினால் அது மெத்தட். இன்று மூன்றாவது பீரியடில் படம் போட்ட அட்டையைக் காட்டிப் பேச வைத்தீர்களே, அது டெக்னிக்.

ஸ்டைல் இந்த அடுக்கில் சேராது. நான் வைத்திருக்கும் சோதனை இது: நீங்கள் விடுப்பில் போகும்போது பாடக்குறிப்போடு சேர்த்து இன்னொருவரிடம் கொடுத்துவிட்டுப் போகக்கூடியது மெத்தட். உங்களோடு வீட்டுக்கு வந்துவிடுவது ஸ்டைல். ஆகவே ஸ்டைலைக் கேட்டால் உங்கள் சுபாவத்தைச் சொல்லுங்கள், மெத்தடைக் கேட்டால் வேலையைச் சொல்லுங்கள்.

இவை எல்லாவற்றுக்கும் பொதுவான பெரிய சொல் பெடகாஜி. கடைசியில் பெரும்பாலும் 'ஜி'தான், 'கி' என்பவர்களும் உண்டு. நேர்காணலில் ஒருமுறைக்கு மேல் இதைச் சொல்லாதீர்கள். வேட்டி கட்டிய இடத்தில் கோட்டும் போட்டது மாதிரி இருக்கும்.

மூன்றாம் படி: யார் பேசுகிறார்கள்?

ஆசிரியரே பேசி, கரும்பலகையில் எழுதி, பிள்ளைகள் கேட்டு எழுதிக்கொண்டால் அது லெக்சர். அதையே கொஞ்சம் ஏளனமாகச் சொன்னால் 'சாக் அண்ட் டாக்'. வகுப்பின் மையம் ஆசிரியர் என்பதால் 'டீச்சர்-சென்டர்டு'. இதற்கு எதிர்ப்பக்கம் 'லேர்னர்-சென்டர்டு'. இன்றைய நேர்காணல்களில் முதலாவது கெட்ட வார்த்தை, இரண்டாவது மந்திரம். எனக்கு அதில் முழு உடன்பாடு கிடையாது. ஐம்பது பிள்ளைகளுக்கு நாற்பது நிமிடத்தில் ஒளிச்சேர்க்கையைத் தெளிவாக விளக்கத் தெரிந்தவர் குறைந்தவர் இல்லை. அதைச் சொல்லவும் மரியாதையான சொல் உண்டு: 'டைரக்ட் இன்ஸ்ட்ரக்ஷன்', 'கிளியர் எக்ஸ்பிளனேஷன்'. நீங்கள் அந்த வகை என்றால் வெட்கப்படாமல் அதையே சொல்லுங்கள்.

அடுத்து, நான் ரொம்ப விரும்பும் ஒரு வினைச்சொல்: எலிசிட். விடையை நாம் சொல்லாமல், கேள்வி மேல் கேள்வி கேட்டுப் பிள்ளையின் வாயிலிருந்தே வரவழைப்பது. 'ஐ எலிசிட் தி ஆன்சர்' என்று ஒரு வரி சொன்னாலே எதிரே இருப்பவர் நிமிர்ந்து உட்காருவார். இதேபோல ஒலிக்கும் இன்னொரு சொல்லுக்குச் சட்டவிரோதம் என்று பொருள். அதன் முதல் எழுத்து 'ஐ', நடுவில் இரண்டு 'எல்'. நம்முடையது 'ஈ'யில் தொடங்கும், ஒரே 'எல்'. விண்ணப்பத்தில் எழுதும்போது பார்த்து எழுதுங்கள். கேள்வியாலேயே பாடம் நடத்துவதற்கு 'சாக்ரடிக் மெத்தட்' என்று பெயர். சாக்ரடீஸ் ஏதென்ஸ் தெருக்களில் செய்தது அதைத்தான்.

கேள்வி கேட்டுவிட்டு எவ்வளவு நேரம் காத்திருக்கிறீர்கள்? அதற்கு 'வெய்ட் டைம்'. மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970-களில் வகுப்புகளைப் பதிவு செய்து பார்த்தபோது, ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிதான் பொறுத்தார்கள். அதை 3 நொடியாக நீட்டியதும் பிள்ளைகளின் பதில் நீண்டது, பேசாத பிள்ளைகளும் பேசின. இந்த ஒரு சொல் தெரிந்தால் 'நான் பொறுமையானவன்' என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

பேச்சு பிள்ளைகளுக்குள்ளேயே நடந்தால் டிஸ்கஷன். இதை டிபேட்டோடு குழப்பக் கூடாது. காரைக்குடிக்காரர்களுக்கு இந்த வேறுபாட்டை விளக்குவது சுலபம். 1939-இல் சா. கணேசன் தொடங்கிய கம்பன் கழகத்தில் பட்டிமன்றம் கேட்டு வளர்ந்த ஊர் இது. அணி பிரித்து, நடுவர் வைத்து, தீர்ப்போடு முடித்தால் அது டிபேட். ஜெயிப்பது யார் என்ற பேச்சே இல்லாமல் எல்லாரும் சேர்ந்து ஒரு விஷயத்தைத் துருவினால் டிஸ்கஷன். நடுவர் இருக்கையில் தீர்ப்புச் சொல்லாமல், பேச்சு தடம் மாறாமல் மட்டும் பார்த்துக்கொள்கிறவர் ஃபெசிலிடேட்டர். இன்னொன்று, 'டிஸ்கஸ் அபௌட்' என்று சொல்லாதீர்கள். 'டிஸ்கஸ்' தனியாகவே நிற்கும்.

ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்தால் 'பியர் டியூட்டரிங்'. இது ஏதோ மேல்நாட்டு இறக்குமதி என்று நினைத்தால், விஷயம் தலைகீழ். திண்ணைப் பள்ளிக்கூடத்தில் மணலில் விரலால் எழுதிப் பழகும் சின்னப் பிள்ளைகளைச் சட்டாம்பிள்ளை பார்த்துக்கொள்வான். 1789-இல் சென்னை எழும்பூரில் ஆதரவற்ற ராணுவப் பிள்ளைகளின் விடுதிப் பள்ளிக்குப் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், உள்ளூர்ப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் எழுதுவதைப் பார்த்துவிட்டு, மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குக் கற்பிக்கும் முறையைத் தன் பள்ளியில் அமைத்தார். ஊர் திரும்பி 1797-இல் அதைப் புத்தகமாகப் போட்டார். இங்கிலாந்தில் அதற்கு 'மெட்ராஸ் சிஸ்டம்' என்றே பெயர் விழுந்தது. 'மானிட்டோரியல் சிஸ்டம்' என்றும் சொல்வார்கள். நேர்காணலில் 'பியர் லேர்னிங்' பேச்சு வந்தால் இதை இரண்டு வரியில் சொல்லிப் பாருங்கள். மனப்பாடம் செய்த பதிலுக்கு இல்லாத மதிப்பு இதற்குக் கிடைக்கும்.

தனியாக யோசி, பக்கத்தில் இருப்பவரோடு பேசு, பிறகு வகுப்புக்குச் சொல் என்றால் 'திங்க்-பேர்-ஷேர்'. வீட்டிலேயே வீடியோ பார்த்துவிட்டு வந்து வகுப்பில் கணக்குப் போட்டால் 'ஃப்ளிப்டு கிளாஸ்ரூம்'. இவற்றுக்கெல்லாம் பெயர் தெரிந்தால் போதும். செய்து பார்க்காததைச் செய்தேன் என்று சொல்லி மாட்டிக்கொள்ள வேண்டாம்.

நான்காம் படி: கை என்ன செய்கிறது?

இங்கே நம் ஊரே பாடப்புத்தகம். ஆத்தங்குடிக்குப் போய் ஒரு டைல் பட்டறையில் அரை மணி நேரம் நில்லுங்கள். சட்டத்துக்குள் கண்ணாடி, அதன் மேல் பூ வடிவ அச்சு, ஒவ்வொரு அறையிலும் ஒரு நிறக் கலவையைக் கரண்டியால் ஊற்றி, அச்சை மெல்லத் தூக்கி, மேலே சிமெண்டும் மணலும் போட்டு அழுத்துவார்கள். காய வைத்துத் தண்ணீரில் ஊறப் போடுவார்கள். கண்ணாடி பட்ட பக்கம்தான் கடைசியில் மினுமினுக்கும்.

மாஸ்டர் பேசாமல் செய்து காட்ட, புதிதாகச் சேர்ந்த பையன் பார்த்துக்கொண்டு நிற்கிறான் என்றால் அது 'டெமான்ஸ்ட்ரேஷன்'. அதே மாஸ்டர் 'நீலம் கெட்டியா இருக்கு, இப்ப அச்சைத் தூக்கினா இழுக்கும், கொஞ்சம் பொறுக்கணும்' என்று மனதுக்குள் ஓடுவதையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்தால் அது 'மாடலிங்'. யோசிப்பதை உரக்கச் சொல்வதற்குத் தனியே 'திங்க்-அலவுட்' என்று பெயர். கணக்கு வாத்தியார்களுக்கு இது ரொம்பப் பொருந்தும். பையன் தன் கையால் ஊற்ற ஆரம்பித்தால் 'ஹேண்ட்ஸ்-ஆன்'. பத்து டைலைக் கெடுத்துப் பதினொன்றாவதில் கற்றுக்கொண்டால் 'லேர்னிங் பை டூயிங்' அல்லது 'ட்ரையல் அண்ட் எரர்'. மொத்தமாக, பட்டறையில் இருந்தே தொழில் பழகுவது 'அப்ரெண்டிஸ்ஷிப்'.

'ஹேண்ட்ஸ்-ஆஃப்' என்றால் ஹேண்ட்ஸ்-ஆனுக்கு நேர் எதிர் என்று எண்ணி, செய்முறை இல்லாத வகுப்புக்கு அதைப் பயன்படுத்துகிறார்கள். ஆசிரியரைப் பற்றிச் சொன்னால், அவர் தலையிடாமல் பிள்ளைகள் போக்கில் விடுகிறார் என்று பொருள். அது பாராட்டா குறையா என்பது சொல்கிறவரைப் பொறுத்தது.

'ஸ்காஃபோல்டிங்' என்ற சொல்லைப் பி.எட். புத்தகத்தில் பார்த்திருப்பீர்கள். வுட், புரூனர், ராஸ் மூவரும் 1976-இல் எழுதிய கட்டுரையில் கற்பித்தலுக்கு இதைப் பயன்படுத்தினார்கள். தமிழில் சாரம். கானாடுகாத்தானில் பழைய வீடு ஏதாவது ஒன்றில் எப்போதும் மராமத்து நடந்துகொண்டே இருக்கும், சுவரை ஒட்டிச் சவுக்குக் கம்பில் சாரம் கட்டியிருப்பார்கள். பூச்சு வேலை முடிந்ததும் பிரித்துவிடுவார்கள். அந்தப் பிரிப்பதுதான் முக்கியம். கட்டுரை எழுதத் தெரியாத பிள்ளைக்கு முதல் வரியை நாமே எழுதிக் கொடுக்கிறோம், அடுத்த வாரம் குறிப்புச் சொல் மட்டும், அதற்கடுத்து ஒன்றும் இல்லை. இது ஸ்காஃபோல்டிங். வருடம் முழுவதும் நாமே எழுதிக் கொடுத்தால் அதன் பெயர் 'ஸ்பூன்-ஃபீடிங்'. இரண்டையும் மாற்றிச் சொன்னவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஒன்றுக்கு வேலை கிடைக்கும், இன்னொன்றுக்கு நன்றி சொல்லி அனுப்பிவிடுவார்கள்.

இதே வரிசையில் 'கிராஜுவல் ரிலீஸ்' என்று ஒன்று. முதலில் ஆசிரியர் செய்வார், அப்புறம் இருவரும் சேர்ந்து, அப்புறம் பிள்ளை தனியாக. 'ஐ டூ, வி டூ, யூ டூ' என்று சுருக்குவார்கள். பர்மாவிலும் மலாயாவிலும் நகரத்தார் வட்டிக்கடை நடத்திய காலத்தில் ஒரு பையன் பெட்டியடிப் பையனாகப் போவான். பெட்டியைத் துடைத்து, பேரேட்டைத் தூக்கிக் கொடுத்து, பார்த்துப் பார்த்துக் கணக்குப் பழகி, பெட்டியடியாகி, அடுத்தாளாகி, ஒரு நாள் மேலாளாக உட்காருவான். யாரும் அவனுக்குப் பாடத்திட்டம் போடவில்லை. பொறுப்பு மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் கை மாறியது. ரிலீஸ் என்பது அந்தக் கைமாற்றத்தைத்தான்.

அரசுப் பள்ளியில் படித்தவர்கள் செயல்வழிக் கற்றலை நேரில் பார்த்திருப்பீர்கள். 2007-08 வாக்கில் தமிழ்நாடு முழுவதும் தொடக்க வகுப்புகளுக்கு வந்த அட்டையும் ஏணிப்படியும் நினைவிருக்கும். 'ஏ.பி.எல்.' என்று சுருக்கமாகச் சொன்னால் வெளிமாநிலத்தவருக்குப் புரியாமல் போகலாம். 'ஆக்டிவிட்டி-பேஸ்டு' என்று விரித்துச் சொல்லி, பிள்ளைகள் தத்தம் வேகத்தில் ஏறினார்கள் என்பதற்கு 'செல்ஃப்-பேஸ்டு' என்றும், பல வகுப்புப் பிள்ளைகள் ஒரே அறையில் இருந்தார்கள் என்பதற்கு 'மல்டி-கிரேட்' என்றும் சேருங்கள்.

இலக்கணம் நடத்துகிறவர்களுக்கு ஒரு ஜோடி சொல். விதியை முதலில் சொல்லி உதாரணம் பிறகு தந்தால் 'டிடக்டிவ்'. உதாரணங்களைக் கொட்டிவிட்டு விதியைப் பிள்ளைகளையே கண்டுபிடிக்கச் சொன்னால் 'இன்டக்டிவ்'.

ஐந்தாம் படி: ஆளைப் பற்றிய சொற்கள்

ஸ்ட்ரிக்ட் என்பதை எல்லா இடத்திலும் போடாதீர்கள். விதியை விட்டுக்கொடுக்காதவர், ஆனால் அன்பானவர் என்றால் 'ஃபர்ம்'. ஃபர்ம் என்ற சொல்லோடு 'ஃபேர்' சேர்ந்தே வரும்: 'ஃபர்ம் பட் ஃபேர்'. கடுகடுவென்று இருப்பவர் 'ஹார்ஷ்'. 'ஏன்' என்று கேட்கவே விடாதவர் 'அதாரிடேரியன்'. இதற்குப் பக்கத்திலேயே 'அதாரிடேட்டிவ்' என்று ஒன்று நிற்கும். விஷயஞானத்தால் மதிப்புப் பெறுகிறவர், கண்டிப்பும் கனிவும் சேர்ந்தவர் என்று அதற்குப் பொருள். டயானா பாம்ரிண்ட் 1960-களில் பெற்றோரின் வளர்ப்பு முறைகளைப் பிரிக்கும்போது இந்த இரண்டையும் தனித்தனியாக நிறுத்தினார். வால் மட்டும்தான் வித்தியாசம், பொருளில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம்.

ஃப்ரெண்ட்லிக்குப் பதில் 'அப்ரோச்சபிள்' நல்லது. தயங்காமல் போய்க் கேட்கலாம் என்பது அதில் இருக்கிறது. 'லீனியன்ட்' என்றால் விட்டுக்கொடுப்பவர், கொஞ்சம் குறையாகவே ஒலிக்கும். 'மெத்தாடிக்கல்' ஒழுங்காக அடுக்கி நடத்துபவர். 'என்கேஜிங்' கவனத்தைப் பிடித்து வைப்பவர். 'பெடான்டிக்' சின்னச் சின்னத் திருத்தத்திலேயே உயிரை எடுப்பவர். கடைசிச் சொல்லை அடுத்தவரைப் பற்றி மனதுக்குள் வைத்துக்கொள்ளலாம்.

ஆறாம் படி: நம் ஊர் இங்கிலீஷில் சில கண்ணிகள்

இப்போது என் நேர்காணலுக்கு வருகிறேன். நாம் 'டேக் கிளாஸ்' என்றால் பாடம் நடத்துவது. இந்தியாவுக்கு வெளியே, ஆசிரியர் தன்னைப் பற்றி அப்படிச் சொன்னாலும் பலருக்கு மாணவராக வகுப்பில் சேர்ந்து படிப்பதே நினைவுக்கு வரும். அதனால்தான் அவர் அப்படிக் கேட்டார். 'டீச்' என்று சொல்லியிருந்தால் ஒரு குழப்பமும் இல்லை.

'டவுட் கிளியர் பண்ணுவேன்' என்பதும் அப்படியே. டவுட் என்றால் அவர்களுக்கு நம்பிக்கையின்மை. 'ஆன்சர் கொஸ்டின்ஸ்' போதும். 'போர்ஷன் முடிப்பேன்' என்பதற்கு 'கவர் தி சிலபஸ்'. டியூஷன் என்றால் அமெரிக்கரின் காதில் கல்லூரிக் கட்டணம் விழும். மாலையில் வீட்டில் சொல்லிக் கொடுத்ததை 'பிரைவேட் டியூட்டரிங்' என்று எழுதுங்கள். 'எக்ஸ்பிளெய்ன் தெம்' கூடாது, 'எக்ஸ்பிளெய்ன் டு தெம்'. இதெல்லாம் தவறான இங்கிலீஷ் என்று நான் சொல்ல மாட்டேன். இந்தியாவுக்குள் எல்லாருக்கும் புரியும். கேட்கிறவர் யார் என்று பார்த்துப் பேச வேண்டும், அவ்வளவுதான்.

'பை-ஹார்ட் பண்ண வைப்பேன்' என்பதில் கொஞ்சம் நிற்க வேண்டும். பொருள் தெரியாமல் உருப்போடுவது 'ரோட் லேர்னிங்'. 'ரூட்' இல்லை, 'ரோட்'. அது வசைச்சொல். வெறுமனே மனப்பாடம் என்றால் 'மெமரைசேஷன்', அதில் குறையும் இல்லை நிறையும் இல்லை. ஆத்திசூடியை ராகத்தோடு சேர்ந்து சொல்ல வைத்தால் 'ரெசிடேஷன்', அதற்கு நல்ல பெயர். ஒரே வேலைக்கு மூன்று நிறம். வாய்ப்பாட்டைச் சொல்ல வைக்கும் ஆசிரியர் அதை ரோட் என்று ஒப்புக்கொண்டு தலைகுனிய வேண்டியதில்லை. 'ரெகுலர் பிராக்டிஸ் டு பில்ட் ஃப்ளூயன்சி' என்று சொன்னால் அதுவும் உண்மைதானே.

ஏழாம் படி: வாக்கியம்

ஒரு பெயரடை, ஒரு வினைச்சொல், வகுப்பறையில் நடந்த ஒரு சாட்சி. இந்த மூன்றும் இருந்தால் பதில் நிற்கும். பழக்கத்தைச் சொல்வதால் வினை நிகழ்காலத்தில் இருக்கட்டும். 'ஐ ஆம் டீச்சிங்' வேண்டாம், 'ஐ டீச்'.

பள்ளத்தூரிலிருந்து என்னிடம் நேர்காணலுக்குப் பழக வந்த ஒரு பெண் முதல் நாள் 'ஐ ஆம் ஃப்ரெண்ட்லி அண்ட் இன்னோவேட்டிவ்' என்றாள். என்ன இன்னோவேட்டிவ் என்று கேட்டேன். சிரித்தாள். சரி, உனக்கு யாராவது எதையாவது நன்றாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்களா, பள்ளிக்கூடத்தில்தான் என்றில்லை என்றேன். பக்கத்து வீட்டு ஆச்சியிடம் ஓலைக்கொட்டான் முடையக் கற்றதைச் சொன்னாள். ஆச்சி முதலில் ஒன்றை முடைந்து காட்டுவாராம். அடுத்ததற்கு அடிப்பகுதியைத் தானே போட்டுக் கொடுத்துவிட்டு மேலே இவளை முடையச் சொல்வாராம். தப்பாகப் போனால் பிடுங்கிக்கொள்ள மாட்டார், 'எந்த ஓலையில கோட்டை விட்டே, பாரு' என்று மட்டும் கேட்பாராம். இதில் மாடலிங் இருக்கிறது, ஸ்காஃபோல்டிங் இருக்கிறது, எலிசிட் இருக்கிறது என்று ஒவ்வொன்றாக எழுதிக் காட்டினேன். மறுவாரம் அவள் தயாரித்து வந்த பதில் இது:

'ஐ ஷோ இட் ஒன்ஸ். தென் ஐ ஸ்டார்ட் இட் அண்ட் லெட் தெம் ஃபினிஷ். வென் தே கோ ராங், ஐ டோன்ட் கரெக்ட் தெம். ஐ ஆஸ்க் தெம் வேர் இட் வென்ட் ராங்.'

இதில் ஒரு கலைச்சொல்கூட இல்லை என்பதைக் கவனியுங்கள். அவளுக்குத் தெரியும், ஆனால் போடவில்லை. 'வி கால் இட் ஸ்காஃபோல்டிங்' என்று ஐந்தாவது வாக்கியமாக ஒன்றைச் சேர்க்கச் சொன்னேன். முதலில் காட்சி, பிறகு பெயர். இந்த வரிசை மாறினால் புத்தக வாடை அடிக்கும்.

நீங்களும் உங்களுக்குக் கற்றுக்கொடுத்த மூன்று பேரைத் தேர்ந்தெடுங்கள். ஒருவராவது பள்ளிக்கு வெளியே இருக்கட்டும்: கோலமோ, சைக்கிளோ, கந்தரப்பத்துக்கு மாவுப் பதமோ சொல்லிக் கொடுத்தவர். ஆளுக்கு நாலு வாக்கியம், போனில் பதிவு செய்து கேளுங்கள். குட், நைஸ், ஸ்ட்ரிக்ட் வரும் இடத்தில் நிறுத்தி வேறு சொல் போடுங்கள். ஒரு வாரத்தில் பன்னிரண்டு வாக்கியம் சேர்ந்துவிடும்.

அப்புறம் ஒன்று. நன்றாகப் பதில் சொல்லிவிட்டால் கட்டாயம் ஒரு துணைக்கேள்வி வரும்: 'அது எடுபடவில்லை என்றால்?' அதற்கும் நாலு வினை கையில் இருக்கட்டும். வேறு விதமாக மறுபடி நடத்துவது 'ரீ-டீச்'. வகுப்புக்கு ஏற்ப மாற்றிக்கொள்வது 'அடாப்ட்'. சிறு பகுதிகளாக உடைப்பது 'பிரேக் இட் டவுன்'. நடுவிலேயே பிள்ளைகளுக்கு ஏறியதா என்று பார்ப்பது 'செக் ஃபார் அண்டர்ஸ்டாண்டிங்'. இந்தக் கடைசி ஒன்றுக்கு 'அண்டர்ஸ்டுட்?' என்று வகுப்பைப் பார்த்துக் கேட்பது என்று பொருள் இல்லை. அதற்கு எல்லாப் பிள்ளையும் 'யெஸ் சார்' என்றுதான் சொல்லும்.